மூன்று துறைகளும் ஒரு திருநீற்றுப் பொட்டலமும்

1

போன மாதம் எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியதற்கான பரிசு. கல்பனா என்ற என் பெயரை எழுத்துப் பிசகாமல் பொறித்திருந்தார்கள். துறையின் பெயர்தான் தவறு. அந்தப் பெயரில் இப்போது துறையே கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்பே அதைப் பக்கத்துத் துறையோடு சேர்த்து, சேர்ந்து வந்ததற்கு நீளமாக இன்னொரு பெயர் வைத்தாயிற்று. எங்கள் அலுவலக மேலாளர் மேடம் கோவிடம் காட்டினேன். சீனப் பெண்மணி, என்னைவிட நான்கு வயது மூத்தவர். "பரவால்ல லா, புதுப் பேரு மட்டும் எத்தனை நாளைக்கு?" என்றார். அவர் பேசுவது ஆங்கிலம், நான் எழுதுவது தமிழ். வாக்கியத்தின் வாலில் ஒட்டுகிற அந்த 'லா' மட்டும் இரண்டுக்கும் பொது.

இந்தப் பதினெட்டு வருடத்தில் என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கேடயத்தைக் காட்ட மாட்டேன். சென்ற தேர்வுப் பருவத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்வேன். கோபப்படாமல் சொல்ல முடியுமா தெரியவில்லை. அதற்கு முயற்சி செய்யப் போவதுமில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் இடத்தை விளக்க வேண்டும். நான் திண்டுக்கல்லில் வேதியியல் முதுகலை முடித்தவள். கணவர் செல்வத்துக்குத் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. அவரைச் சார்ந்தவள் என்று எழுதிய அட்டையோடு வந்து, நாலு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு இங்கே கட்டடப் பொறியியல் துறையின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வகுப்பு அட்டவணை, அறைப் பதிவு, வினாத்தாள் கட்டு, வெளிநாட்டு விருந்தாளிகள், பேராசிரியர்கள் மறந்துபோகிற அத்தனையும் என் பொறுப்பு. இங்கே சில பிரிவுகளுக்கு 'ஸ்கூல்' என்று பெயர். அதை ஒருமுறை போனில் சொன்ன பாவத்துக்கு, என் அண்ணன் இன்றுவரை ஊரில் என்னை ஸ்கூல் டீச்சர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நான் படித்த கல்லூரியில் ஒரு துறை என்றால் ஒரு வராந்தா, ஒரு எச்.ஓ.டி., ஒரு அட்டெண்டர், பூட்டு சரியில்லாத ஒரு பீரோ. இங்கே மேலே ஃபேக்கல்ட்டி, அதற்குள் ஸ்கூல், அதற்குள் துறை, துறைக்குள் பிரிவு, எதற்குள்ளும் அடங்காமல் வெளியே நிற்கும் ஆய்வு மையங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், தலைவருக்கு இரண்டு துணை, தனி லெட்டர்ஹெட், தனி காப்பி மெஷின். கட்டடங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வளாகத்துக்குள்ளேயே பஸ் ஓடுகிறது. பல் மருத்துவத்தில் நாலு வருடம் படித்த பிள்ளைக்குத் தத்துவத் துறை எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

குறையாகச் சொல்லவில்லை. எந்தக் காகிதம் எந்த மேசையில் போய்த் தூங்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்று எனக்கு அத்துப்படி. புதிதாக வரும் பேராசிரியர்களே என்னிடம் வந்துதான் வழி கேட்பார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சொந்தப் பிள்ளைக்காக அதே வழிகளில் நடக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் நினைத்ததில்லை.

2

என் மகள் யாழினி அதே பல்கலைக்கழகத்தில் மருந்தியல் இரண்டாம் ஆண்டு. அவளுடைய ஃபேக்கல்ட்டி வேறு, கட்டடம் வேறு, உலகமே வேறு. காலையில் நான் அவளுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவேன். என்றாவது வளாக பஸ்ஸில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் தலையை லேசாக ஆட்டுவாள். பக்கத்தில் வந்து உட்கார மாட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். ஆகவே அவளைக் கோபப்படுத்துவதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை.

தொடக்கப்பள்ளி முழுக்க நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டுதான் போனாள். பிறகு ஒருநாள் நிறுத்திவிட்டாள். "ம்மா, முகத்துல என்னமோ ஒட்டியிருக்குன்னு பிரெண்ட்ஸ் டிஷ்யூ நீட்டறாங்க. வேணாம்மா" என்றாள். சண்டை போட்டேன். பிறகு சண்டையை விட்டுவிட்டேன். நம்பிக்கையை விடவில்லை, வழியை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயில் பிடித்து லிட்டில் இந்தியா போனேன். தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலைக் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். குருக்கள் கொடுத்த திருநீற்றைக் கைக்குட்டை முனையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைப் பொட்டலம் கட்ட ஒரு காகிதம் வேண்டும். சாப்பாட்டு மேசையில் ஒருபக்கம் மட்டும் அச்சான தாள்கள் கிடந்தன. ஒருபக்கத் தாளைத் தூக்கிப் போடக் கூடாது என்பது எங்கள் துறையின் விதி. பதினெட்டு வருடமாக அது என் கையிலும் ஊறிவிட்டது. ஒரு தாளைப் பாதியாகக் கிழித்தேன். சாமி பொருளில் எழுத்து படக் கூடாது என்று வெற்றுப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்தேன். அவளுடைய பென்சில் பையின் அடியில் செருகினேன். அவளிடம் சொல்லவில்லை.

சட்டம் தெரியாதவள் இல்லை நான். தேர்வுக் காலத்தில் எங்களைப் போன்ற அலுவலக ஆட்களையும் கண்காணிப்புக்குப் போடுவார்கள். பெரிய விளையாட்டரங்கத்தில் நூற்றுக்கணக்கான மேசைகள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதாமல் இருக்க வரிசைகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒரு வரிசை மருந்தியல், அடுத்தது பொருளாதாரம், அதற்கடுத்தது தத்துவம். வருடம் முழுக்க ஒருவரையொருவர் எட்டிப் பார்க்காத துறைகள் தோளோடு தோள் உட்காரும் ஒரே இடம் அதுதான். தத்துவப் பிள்ளைகள் முதல் கால் மணி நேரம் கூரையைப் பார்ப்பார்கள். பொருளாதாரம் கடைசி நொடிவரை எழுதும். பொறியியலில் யாராவது ஒருவர் கால்குலேட்டரை மறந்துவிட்டு முழிப்பார். "மேசையில் எந்தக் காகிதமும் இருக்கக் கூடாது" என்ற அறிவிப்பை ஒலிபெருக்கியில் நானே எத்தனையோ முறை படித்திருக்கிறேன்.

அப்படிப் படித்தவள்தான் அந்தப் பொட்டலத்தை மடித்தேன். அது காகிதம் என்றே எனக்குத் தோன்றவில்லை. திருநீற்றை மடித்தபின் அது திருநீறுதான், காகிதம் இல்லை. இதை நம் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

3

திங்கட்கிழமை மதியம் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. கூப்பிடச் சொல்லி.

பரீட்சை தொடங்கி ஒரு மணி நேரத்தில் அழிப்பானை எடுக்கப் பையைத் துழாவியிருக்கிறாள். பொட்டலம் வெளியே வந்து மேசையில் விழுந்தது. கண்காணிப்பாளர் வேறு ஏதோ துறையைச் சேர்ந்த இளைஞர். மடித்த காகிதம், வெளிப்பக்கம் முழுக்க வேதியியல் வாய்ப்பாடுகள். அன்றைய பாடத்தின் குறிப்பேதான். நான் கிழித்தது அவளுடைய வகுப்புக் குறிப்பு. அவர் பிரித்துப் பார்த்தபோது திருநீறு விடைத்தாளில் கொட்டியிருக்கிறது. படம் எடுத்தார்கள். மீதி இருந்ததைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எண் ஒட்டினார்கள். அவளை முழுதாக எழுத விட்டார்கள், அது விதி. எழுதி முடித்து வெளியே வந்ததும் தனி அறைக்குக் கூட்டிப்போய் அறிக்கை எழுதினார்கள்.

"ஏம்மா கேக்காம வச்சீங்க?" என்றாள் போனில். "அதுவும் என் நோட்ஸ்லயே? வேற பேப்பரே கெடைக்கலையா?"

"தெரியாம செஞ்சுட்டேன்டா. நான் வந்து சொல்றேன்."

"வராதீங்க. ப்ளீஸ். எங்க டிபார்ட்மெண்ட்டுக்கு வராதீங்கம்மா."

அழுதேன். அலுவலகத்தில், மேசையில், எல்லோரும் பார்க்க அழுதேன். வெற்றுப் பக்கத்தை வெளியே வைத்து மடித்திருந்தால் அந்த இளைஞர் வெள்ளைப் பொட்டலம் ஒன்றைத்தான் பார்த்திருப்பார். சாமிக்கு மரியாதை செய்யப் போய்ப் பிள்ளையை மாட்டிவிட்டேன். அன்றிலிருந்து மூன்று நாள் யாழினி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

4

வியாழக்கிழமை படிவம் வந்தது. அதில் இரண்டு பெட்டிகள். முதல் பெட்டியில் டிக் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அந்தத் தாளுக்குப் பூஜ்யம், அடுத்த பருவத்தில் திரும்ப எழுதலாம், விஷயம் சத்தமில்லாமல் முடிந்துவிடும். இரண்டாவது பெட்டி விசாரணை. அதில் தோற்றால் ஒரு வருடம் இடைநீக்கம். படிப்பு முடித்து மருந்தாளராகப் பதிவு செய்யப் போகும்போதும் அந்தக் கறை முன்னால் வந்து நிற்கும்.

என் கணவர் படிவத்தை இரண்டு முறை படித்தார். "கல்பனா, இது நம்ம ஊர் இல்ல. இங்க ரூல்னா ரூல். ஒரு பேப்பர்தானே, திரும்ப எழுதட்டும்."

"திரும்ப எழுதறது பெரிசில்லீங்க. காப்பி அடிச்சேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறதா?"

"யார் பாக்கப் போறாங்க?"

"அவ பார்ப்பா" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. இங்கே வந்த நாள் முதல் எந்த வரிசையிலும் முன்னால் போகாமல், எந்தக் கவுண்டரிலும் குரல் உயர்த்தாமல் வாழ்ந்தவர். அப்படி வாழ்ந்துதான் எங்களுக்கு ஒரு வீடு வந்தது. ஆனால் பணிவுக்கும் ஓர் எல்லை உண்டு. செய்யாததைச் செய்தேன் என்று பிள்ளையை எழுதவைத்துவிட்டு நாம் எதைக் காப்பாற்றப் போகிறோம்?

அன்று மாலை யாழினி தானாகவே சமையலறைக்கு வந்தாள். "ம்மா, நான் சைன் பண்ணல."

"யோசிச்சியா?"

"சீட் பண்ணல. அப்புறம் ஏன் சைன் பண்ணணும்? தட்ஸ் இட் லா." படிவத்தை மேசையில் வைத்து இரண்டாவது பெட்டியில் டிக் போட்டாள். பேனா காகிதத்தில் அழுந்திய சத்தம் எனக்குக் கேட்டது.

அதன் பிறகுதான் காகிதம் துறை துறையாக நடக்கத் தொடங்கியது. முதலில் மருந்தியல் துறைத் தலைவர். அவர் விஞ்ஞானி. அந்த அரைத் தாளையும் வினாத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்தக் குறிப்பிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை என்று எழுதினார். நல்ல மனிதர். ஆனால் ஸ்கூல் அலுவலகத்துக்கு அது பதில் இல்லை. குறிப்பு குறிப்புதான், உதவியதா இல்லையா என்பது வேறு விஷயம் என்று ஒரு வரி சேர்த்து ஃபேக்கல்ட்டிக்கு அனுப்பினார்கள். ஃபேக்கல்ட்டி அதைத் தொடவே பயந்து பதிவாளர் அலுவலகத்துக்குத் தள்ளியது. அங்கே மூன்று பேர் குழு போட்டார்கள். மருந்தியலுக்குச் சம்பந்தமில்லாத மூன்று துறைகள்: சட்டம், கட்டடக்கலை, செவிலியர் கல்வி. ஒவ்வொரு மேசையிலும் அது எத்தனை நாள் கிடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். ஒருநாள்கூடத் தப்பவில்லை.

விசாரணையில் சாட்சி சொல்ல நான் விண்ணப்பித்தேன். பல்கலைக்கழக ஊழியர் என்பதால் என் துறையின் ஒப்புதல் வேண்டுமாம். மேடம் கோ அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"உன் காண்ட்ராக்ட் அடுத்த மாசம் புதுப்பிக்கணும். தெரியும்தானே? தேர்வு விதியை மீறினது நான்தான்னு நீயே எழுதிக் குடுக்கற."

"தெரியும் மேடம். கையெழுத்துப் போடுங்க."

"பிடிவாதம் லா நீ" என்றபடி போட்டார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

5

விசாரணை அறையில் நீள மேசை. நடுவே பிளாஸ்டிக் உறைக்குள் என் பொட்டலம், எண்ணோடு. எதிரே மூன்று பேர். தலைவர் சட்டத் துறைப் பேராசிரியர், நரைத்த சீனர், பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். கட்டடக்கலையிலிருந்து ஓர் இளம்பெண். செவிலியர் கல்வியிலிருந்து முக்காடு அணிந்த மலாய்ப் பெண்மணி. யாழினி எனக்குப் பக்கத்தில், முதுகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொருவரும் தன் துறையின் கண்ணால்தான் அதைப் பார்த்தார். செவிலியர் கல்விக்காரர் இந்தப் பொடி எதிலிருந்து வருகிறது, உடம்பில் பூசுவதா உள்ளே சாப்பிடுவதா என்று கேட்டார். பசுஞ்சாணத்தை எரித்து எடுப்பது, நெற்றியில் பூசுவோம், நாக்கில் துளி வைப்போம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, தன் அம்மா பரீட்சை நாளில் ஓதிய தண்ணீர் கொடுத்தனுப்புவார் என்றார். தலைவர் இருமினார். அது குறிப்பில் ஏறவில்லை.

கட்டடக்கலைப் பெண் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "இதே போல ஒன்று மடித்துக் காட்ட முடியுமா?"

பாதியாகக் கிழித்தேன். கை தானாக மடித்தது. அவர் உறையிலிருந்த தாளை இடுக்கியால் விரித்து இரண்டின் மடிப்புக் கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

"தமிழர்கள் எல்லோரும் இப்படித்தான் மடிப்பார்களா?"

"இல்லை. ஆளுக்கு ஒரு மடிப்பு. இது என்னுடையது" என்றேன்.

அதுவரை நன்றாகத்தான் போனது. பிறகு சட்டப் பேராசிரியர் பேனாவை மூடினார். "இப்படிப்பட்ட பொட்டலத்துக்குள் குறிப்பு ஒளித்து வைத்துப் பரீட்சைக்குப் போன யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்ல அரை நொடி போதும். திண்டுக்கல்லில் நடந்தது இந்த அறைக்கு எப்படித் தெரியும்? ஆனால் என் பிள்ளை எதையும் மறைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நான்.

"தெரியும்" என்றேன். "என்கூடப் படித்த ஒருத்தி."

எங்கள் கல்லூரியில் பரீட்சைக் கூடத்தின் வாசலில் அட்டெண்டர் ஒரு தட்டில் திருநீறு வைத்திருப்பார். சாமி கும்பிடுகிறவர்கள் பூசிக்கொண்டு போவோம், கும்பிடாதவர்கள் தாண்டிப் போவார்கள். பலர் பொட்டலமாகவும் வைத்திருப்போம். இறுதியாண்டில் ஹேமா என்ற பெண் பொட்டலத்துக்குள் பிட் வைத்திருந்து பிடிபட்டாள். இதை அப்படியே சொன்னேன். யாழினி முதல் முறையாக என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பிறகு?" என்றார் பேராசிரியர்.

"அவளை இரண்டு பருவம் எழுத விடவில்லை. மறுநாளும் தட்டு வாசலில் இருந்தது. நாங்கள் பூசிக்கொண்டுதான் உள்ளே போனோம். ஒருத்தி திருடினாள் என்று எல்லோர் நெற்றியையும் யாரும் துடைக்கச் சொல்லவில்லை."

அவர் முன்னாலிருந்த அறிக்கை வரைவை வாய்விட்டுப் படித்தார். 'தேர்வரிடம் பாடக் குறிப்பும் மதப் பொருளும் இருந்தன' என்று முதல் வரி. கை தூக்கினேன்.

"ஐயா, அந்த வரியைப் பிரித்து எழுதுங்கள். காகிதம் தப்பு. அதை மடித்தது நான், அந்தத் தப்பை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். திருநீறு தப்பு இல்லை. உங்கள் விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஒலிபெருக்கியில் விதிகளைப் படிக்கிறவளே நான்தான். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டாதீர்கள்."

பதினெட்டு வருடத்தில் ஒரு பேராசிரியரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு பேனாவைத் திறந்து ஒரு கோடு கிழித்தார்.

6

கடைசியாக யாழினியிடம் வந்தார்கள். தலைவர் இப்போது மெதுவாகவே பேசினார். எனக்கு அவர் எங்கே கூட்டிப் போகிறார் என்று புரிந்துவிட்டது. இத்தனை வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவளுக்கு இது தெரியாதா? கதவைத் திறந்து வைக்கிறார், பிள்ளை நடந்து வெளியே வந்தால் போதும்.

"உங்கள் அம்மா உங்களுக்குத் தெரியாமல் அதைப் பையில் வைத்தார். கூடத்தில் அது விழும்வரை பையில் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே? ஆம் என்றால் வழக்கே இல்லை என்று எழுதி மூடிவிடலாம். உங்கள் பதிவில் எதுவும் இருக்காது."

சொல்லுடி, ஆமாம் என்று சொல்லு என்று மனதுக்குள் கத்தினேன்.

"இல்லை" என்றாள் யாழினி.

அறையில் மூவரும் நிமிர்ந்தார்கள்.

"காலைல ரயில்ல பேனா எடுக்கும்போது பாத்தேன்" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது தமிழில்தான் கேட்டது. "என்னோட நோட்ஸ்னு கவனிக்கல. என்னன்னு மட்டும் தெரிஞ்சுது. யார் வச்சாங்கன்னும் தெரிஞ்சுது. இறங்கற இடத்துல குப்பைத்தொட்டி இருந்துச்சு. போடல. உள்ளயே வச்சுட்டேன்."

"தெரிந்தே ஒரு காகிதத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்தேன் என்கிறீர்கள். இதை நான் எழுதினால் என்ன ஆகும் என்று புரிகிறதா?"

"புரியுது. தெரியாம வச்சாங்கன்னு எழுதாதீங்க. எங்கம்மா எனக்குக் குடுத்தாங்கன்னு எழுதுங்க."

இந்தப் பிள்ளை விலகிப் போய்விட்டாள் என்று எத்தனை வருடம் மனதுக்குள் புலம்பியிருப்பேன்! வளாக பஸ்ஸில் பக்கத்தில் உட்காராத பெண், அந்தப் பொட்டலத்தோடு ஒரு மணி நேரம் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்திருக்கிறாள். அதைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் பதிவையே கொடுக்கிறாள். பெருமையாக இருந்தது. அதே அளவுக்குக் கோபமாகவும் இருந்தது. வெளியே வந்ததும் மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, ஆமான்னு ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!"

"நீங்க மட்டும் அந்த ஹேமா ஆன்ட்டி கதைய ஏன் சொன்னீங்க? தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவள் முன்னால் இறங்கிப் போனாள். கீழே பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. ஏமாற்றும் நோக்கம் இல்லை. மதிப்பெண் அப்படியே நிற்கும். விதியை மீறியதற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, பதிவில் இருக்கும். என் ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார்கள். ஆனால் இனிமேல் தேர்வுக் கண்காணிப்புக்கு நான் வேண்டாமாம். நல்லதாகப் போயிற்று. அந்த ஒலிபெருக்கியை வேறு யாராவது பிடிக்கட்டும். தோற்றதாக நான் நினைக்கவில்லை. எங்களை யாரும் மன்னிக்கவுமில்லை, நாங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவுமில்லை.

என் கணவர்தான் கவலையை விடவில்லை. சனிக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது மறுபடி அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பார்மசிஸ்ட்டா ரெஜிஸ்டர் பண்ணும்போது கேப்பாங்களேம்மா, உன் மேல எப்பவாவது நடவடிக்கை எடுத்திருக்காங்களான்னு. எஸ்ஸா நோவான்னு போடணும்."

"எஸ்னு போடுவேன்" என்றாள் யாழினி, தோசையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏன்னு விவரம் எழுதச் சொல்வாங்க. என்ன எழுதுவ?"

"எங்கம்மா குடுத்தாங்கன்னு எழுதுவேன். எடம் பத்தலன்னா தனியா ஒரு ஷீட் வைக்கிறேன்பா."